வீட்டை ஒட்டி வளர்ந்துவிட்ட ஊசியிலை மரங்களை என்ன செய்வது? இங்கிலாந்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு, வீட்டோடு சேர்ந்து கேட்காமலே கைக்கு வரும் சொத்து ஒன்று உண்டு. வேலி ஓரமாகவோ சமையலறை ஜன்னலை ஒட்டியோ, கூரையைத் தாண்டி நிற்கும் ஊசியிலை மரங்கள். முன்பு குடியிருந்தவர் பக்கத்து வீட்டுப் பார்வையை மறைக்க இடுப்பளவுக் கன்றுகளாக நட்டிருப்பார். இப்போது பகலிலும் சமையலறையில் விளக்கு எரிகிறது, மழைநீர்க் குழாயில் இலைக்குப்பை அடைக்கிறது, வடக்குச் சுவரில் பாசி ஏறுகிறது. வீட்டு சர்வே அறிக்கையிலும் மரத்தைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது, "பாதிக்கு வெட்டிவிட்டால் போச்சு." முருங்கையை மொட்டையாக வெட்டினாலும் அடுத்த மழைக்குத் தளதளவென்று துளிர்க்கும். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. பழுத்துக் காய்ந்த உள்மரத்தில் வெட்டினால் அங்கே மறுபடி பச்சை வராது. ஆகவே இது கத்தரி எடுக்கும் வேலை என்பதைவிட, முடிவெடுக்கும் வேலை. கொஞ்சமாகச் செதுக்கி வைத்துக்கொள்ள முடியுமா, அல்லது முழுதாக எடுத்துவிட வேண்டுமா? நடுவழி என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. அந்த முடிவுக்கு வரும் முன் என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். வரிசை முக்கியம். முதலில் வெட்டிவிட்டு அப்புறம் விசாரிப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

படி 1: என்ன மரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வேலி வரிசையாக நின்றால் பத்துக்கு எட்டு முறை அது லெய்லாண்டிதான். இது இயற்கையாகக் காட்டில் விளைந்த மரம் அல்ல. அமெரிக்காவின் இரண்டு வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த மான்டரே சைப்ரஸும் நூட்கா சைப்ரஸும் வேல்ஸில் வெல்ஷ்பூல் அருகே லெய்ட்டன் ஹால் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், 1888-இல் தற்செயலாகப் பிறந்த கலப்பினம். தானாக விதை போட்டு முளைக்காது, நாம் காணும் அத்தனையும் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்தவை. நல்ல மண்ணில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை ஏறும். "சீக்கிரம் மறைப்பு கிடைக்கும்" என்று நட்டார்கள். அது நிற்க வேண்டிய உயரத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து லாசன் சைப்ரஸ். நுனி லேசாகத் தலைகவிழ்ந்து தொங்கும், இலையைக் கசக்கினால் பார்ஸ்லி வாசனை வரும். மேற்கத்திய செஞ்சீடர் என்கிற துயாவைக் கசக்கினால் அன்னாசி போன்ற இனிய மணம். நட்சத்திர வடிவில் தனித்தனி ஊசியாக, கிறிஸ்துமஸ் மரம் போலிருந்தால் ஸ்ப்ரூஸ். யாரோ ஒருவர் தொட்டியிலிருந்ததைப் பண்டிகை முடிந்ததும் வீட்டுவாசலில் நட்டிருப்பார். இரண்டு மூன்று ஊசி ஒரு கொத்தாக வந்தால் பைன். அடர்ந்த பச்சையில் தட்டையான மென்மையான ஊசியும் சிவந்த சதைப்பற்றுள்ள கனியும் இருந்தால் யூ. அதன் விதையும் இலையும் கொடிய நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், மறுபடி துளிர்ப்பது யூ மட்டுமே என்று வைத்துக்கொள்ளலாம். துயா சில சமயம் கொஞ்சம் தாங்கும். மற்றவை தாங்காது.

தோட்டக் கடையில் "குள்ள ரகம்" என்று சொல்லி வாங்கியதாக நினைவிருந்தால் அதை நம்பாதீர்கள். பல அட்டைகளில் எழுதியிருக்கும் உயரம் பத்து ஆண்டுக்கான உயரம். பதினோராம் ஆண்டிலும் மரம் வளரத்தான் செய்யும்.

படி 2: கையை உள்ளே விட்டுப் பாருங்கள், அப்புறம் அளந்து பாருங்கள்

மரத்தின் பக்கவாட்டில் இலைகளை விலக்கி முழங்கை வரை கையை நுழைத்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சைப்ரஸின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். வெளியில் ஓர் அடி கனத்துக்குப் பச்சை இருக்கும். அதற்குள்ளே காய்ந்த குச்சிகளும் பழுப்புச் சருகும், பின்னாலே வெறும் தண்டும். அந்தப் பச்சைப் போர்வையின் கனம்தான் நீங்கள் வெட்டக்கூடிய அளவுக்கு எல்லை. ஓர் அடி பச்சை இருந்தால் அரை அடிதான் எடுக்கலாம். சுவரிலிருந்து மூன்றடி விலக்க வேண்டும் என்றால் பழுப்பைத் தொட்டாக வேண்டும். அது நிரந்தரமாகப் பழுப்பாகவே இருக்கும், உங்கள் வீட்டைப் பார்த்தபடி.

உயரத்தை அளக்க ஏணி வேண்டாம். உங்கள் கை நீட்டிய நீளத்துக்கு ஒரு குச்சியை உடைத்துக்கொண்டு, அதைச் செங்குத்தாகப் பிடித்துப் பின்னால் நடங்கள். குச்சியின் அடியும் மரத்தின் அடியும், குச்சியின் நுனியும் மரத்தின் நுனியும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரமே அதன் உயரம். கூடவே மரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையிலான தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மரம் எவ்வளவு உயரமோ அந்த எண்ணும், சுவர் எவ்வளவு தொலைவோ அந்த எண்ணும் இனி எல்லாக் கடிதத்திலும் கேட்பார்கள்.

மேல் மின்கம்பி மரத்தைத் தொட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். 105 என்ற எண்ணில் உங்கள் பகுதி மின்வலையமைப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி.

படி 3: மண்ணைப் பாருங்கள். இதுதான் மொத்த விஷயத்தின் உயிர்நாடி

தென்கிழக்கு இங்கிலாந்தில், அதிலும் லண்டனில், பல இடங்களில் அடியில் இருப்பது களிமண். களிமண் ஈரம் இழந்தால் சுருங்கும், ஈரம் பெற்றால் உப்பும். 1976-இன் வறட்சிக் கோடைக்குப் பிறகுதான் பிரிட்டனில் அஸ்திவாரம் இறங்கிய வீடுகளின் கதை பெரிதாக வெளியே வந்தது. 2018, 2022 போன்ற வறண்ட ஆண்டுகளிலும் இன்சூரன்ஸ் கோரிக்கைகள் எகிறின. இதில் மரங்களுக்குப் பங்கு உண்டு. புது வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் என்.எச்.பி.சி. அமைப்பு, வீடு கட்டுவோருக்காக வைத்திருக்கும் விதிமுறை லெய்லாண்டி, லாசன், மான்டரே ஆகிய சைப்ரஸ்களை அதிகம் நீர் உறிஞ்சும் வகையில் சேர்த்திருக்கிறது. பைன், ஸ்ப்ரூஸ், சீடர் என்கிற தேவதாரு, யூ எல்லாம் நடுத்தர வகை. அதிகம் உறிஞ்சும் மரத்துக்கு, முழு வளர்ச்சி உயரத்தைப் போல 1.25 மடங்கு தூரம் வரை அஸ்திவார ஆழத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். லெய்லாண்டிக்கு 20 மீட்டர் என்று வைத்தால் 25 மீட்டர். உங்கள் மரம் சுவரிலிருந்து மூன்று மீட்டரில் நிற்கிறது என்றால் புரிந்துகொள்ளுங்கள். இதைப் படித்துப் பதறவும் வேண்டாம். எந்த மரமும் எந்த வீட்டையும் சாய்த்தே தீரும் என்று இதற்குப் பொருள் இல்லை.

வீட்டில் நீங்களே பார்க்க ஒரு சோதனை. மண்வெட்டியால் ஓர் அடிக்குக் கீழே தோண்டி ஒரு கைப்பிடி மண் எடுத்து, தண்ணீர் தொட்டுப் பிசைந்து பென்சில் கனத்துக்கு உருட்டுங்கள். உருட்டியதை வளையமாக வளைத்தும் முறியாவிட்டால் களிமண் நிறைய இருக்கிறது. உருட்டவே வராமல் பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் கலந்த மண், கவலை குறைவு.

இப்போது வீட்டைச் சுற்றி நடந்து விரிசல் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, சாய்வாக, மேலே அகன்று கீழே ஒடுங்கி, ஜன்னல் கதவு மூலையிலிருந்து கிளம்பி, உள்ளும் வெளியும் ஒரே இடத்தில் தெரிந்தால் அது சந்தேகத்துக்குரியது. ஆகஸ்ட், செப்டம்பரில் விரிந்து குளிர்காலத்தில் கொஞ்சம் மூடிக்கொண்டால் சந்தேகம் இன்னும் கூடும். புதுப் பூச்சில் வரும் மயிரிழைக் கீறல் வேறு விஷயம்.

சந்தேக விரிசல் இருந்தால் மரத்தைத் தொடாதீர்கள். முதல் போன் வீட்டு இன்சூரன்ஸுக்கு. அவர்களின் பொறியாளர் வந்து, சில சமயம் மாதக்கணக்கில் அளவு எடுத்து, வேர் மாதிரி பார்த்துத்தான் காரணத்தை உறுதி செய்வார். நீங்கள் முந்திக்கொண்டு வெட்டினால் சான்றும் போய்விடும், வேறொரு ஆபத்தும் வரலாம். அந்த ஆபத்துதான் மண் உப்பல். ஆண்டுக்கணக்கில் மரம் உறிஞ்சிக் காய்ந்து கிடந்த களிமண், மரம் போனதும் மெல்ல நீர் குடித்து வீங்கி அஸ்திவாரத்தை மேலே தள்ளும்.

எல்லா வீட்டுக்கும் இந்தப் பயம் இல்லை. 1930-களின் வீட்டருகே 1980-களில் மரம் நட்டது என்றால், வீடு கட்டும்போது இருந்த நிலைக்குத்தான் மண் திரும்பும். ஆபத்து குறைவு. மாறாக, பெரிய மரம் முன்பே நின்ற இடத்தில் வீடோ எக்ஸ்டென்ஷனோ பிறகு வந்திருந்தால் கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் வெட்டக் கூடாது. எக்ஸ்டென்ஷன் கட்டும் திட்டம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டால் அஸ்திவாரம் ஆழமாக வேண்டாம் என்று நினைப்பது தவறு. மண் காய்ந்தே கிடக்கும். கட்டுமானக் கட்டுப்பாட்டு அதிகாரி எடுத்த மரத்தையும் கணக்கில் கேட்பார். அடிக்கட்டையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சாக்கடைக் குழாய் பழைய சுட்டமண் குழாயானால் இணைப்பு விட்ட இடம் வழியாக வேர் நுழைந்திருக்கலாம். கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

படி 4: அனுமதி

மரம் உங்கள் தோட்டத்தில் நின்றாலும் அதை வெட்டும் உரிமை முழுக்க உங்களுக்கு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கவுன்சில் இணையதளத்தில் அல்லது போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். மரத்தின் மேல் பாதுகாப்பு ஆணை (Tree Preservation Order) இருக்கிறதா? வீடு பாதுகாப்புப் பகுதிக்குள் (Conservation Area) இருக்கிறதா? ஆணை இருந்தால் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்வார்கள். பாதுகாப்புப் பகுதியானால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேலிருந்தால் ஆறு வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மறந்து வெட்டினால் கிரிமினல் குற்றம், அபராதம் ஆயிரக்கணக்கான பவுண்டில் போகும். வீட்டுத் தோட்டத்து மரத்துக்கு வனத்துறை உரிமம் பொதுவாகத் தேவையில்லை, அது ஒரு நிம்மதி.

பறவைக் கூடு: 1981-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டப்படி, பயன்பாட்டிலுள்ள கூட்டை வேண்டுமென்றே சிதைப்பது குற்றம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பொதுவான கூடு கட்டும் காலம், புறா அதற்கு அப்பாலும் குடியிருக்கும். வௌவால் தங்கும் பொந்து இருந்தால் ஆண்டு முழுவதும் பாதுகாப்பு. ஆகவே பெரிய வேலையைச் செப்டம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்வதே உத்தமம்.

படி 5: மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால்

இங்கே வேறு கதை. எல்லைக் கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் வந்த கிளையை நீங்கள் எல்லை வரை வெட்டலாம். வெட்டிய கிளை சட்டப்படி அவருடையது, வேண்டுமா என்று கேளுங்கள். வேலிக்கு அப்பால் தூக்கிப் போடுவது வழக்குக்கு வழி. அவர் பக்கம் ஏறி வெட்டவோ உயரம் குறைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருந்தால் உங்கள் பக்கக் கிளைக்கும் அது பொருந்தும்.

மரவேலி உயர்ந்து வெளிச்சத்தை மறித்தால் 2003-ஆம் ஆண்டுச் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் (Anti-social Behaviour Act) எட்டாம் பகுதி உதவும். இங்கிலாந்தில் இது 2005 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வரிசையாக இரண்டோ அதற்கு மேலோ பசுமை மாறா மரங்கள், இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், வெளிச்சத்தையோ பாதையையோ மறிக்கும் தடுப்பு, இவை மூன்றும் வேண்டும். ஒற்றை மரத்துக்கு இது செல்லாது, வேருக்கும் செல்லாது. பல கவுன்சில்கள் சில நூறு பவுண்ட் கட்டணம் வாங்குவார்கள். நீங்கள் முதலில் பேசித் தீர்க்க முயன்றதற்குச் சான்றும் கேட்பார்கள். பேசிய தேதியைக் குறித்து, ஒரு கடிதம் போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தனிச் சட்டங்கள் உண்டு.

எவ்வளவு உயரம் நியாயம் என்று கணக்கிட அரசின் வழிகாட்டியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. வேலி எதிரே உள்ள கீழ்த்தள ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து வேலி வரையுள்ள தூரத்தைப் பாதியாக்கி ஒரு மீட்டர் கூட்டுங்கள். 6 மீட்டர் தூரமானால் 4 மீட்டர் உயரம். தோட்டத்துக்கு, தோட்டத்தின் ஆழத்தை வேலி நிற்கும் திசைக்கேற்ற எண்ணால் பெருக்குகிறார்கள். தெற்கே நின்றால் 0.25, வடக்கே நின்றால் 0.65. தெற்கே நிற்கும் வேலிக்கும் 12 மீட்டர் தோட்டத்துக்கும் 3 மீட்டர் வருகிறது. இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டை பாதியாகும்.

கவுன்சில் இரண்டு மீட்டருக்குக் கீழே குறைக்கச் சொல்ல முடியாது, மரத்தை எடுத்துவிடச் சொல்லவும் முடியாது. மரம் செத்துப்போகும் அளவுக்கு வெட்டச் சொல்வதும் முடியாது என்பதால், முதிர்ந்த லெய்லாண்டிக்குச் சில சமயம் நீங்கள் எதிர்பார்த்ததைவிட உயரமான எல்லைதான் கிடைக்கும். அதற்காக மனம் வெறுக்க வேண்டாம்.

படி 6: முடிவு

சுருக்கமாக என் கணக்கு இது. மரத்தின் உயரம் மூன்று மீட்டருக்குள், பச்சை நன்றாக, சுவர் விலகியிருந்தால் வைத்துப் பராமரிக்கலாம். அப்போது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள், பச்சைக்குள்ளேயே நறுக்க வேண்டும், எப்போதும் பழுப்பைத் தொடாமல். உயரம் மிஞ்சிவிட்டால், கூடு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஏப்ரலில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். அதற்கு மேல் தலையை வெட்டினால் நுனி பழுத்துத் தட்டையாகி, பக்கத்துக் கிளைகள் தலைமைக்குப் போட்டியிட்டு, பலவீனமாக ஒட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறும். பயமும் போகாது, அழகும் போகும்.

தனியாக நிற்கும் பைன், சீடர், ஸ்ப்ரூஸாக இருந்தால், அடிக்கிளைகளை எடுத்து ஆள் நடக்கும் உயரத்துக்குத் தூக்கிவிடுவது அருமையான வழி. சுவரில் காற்றும் வெளிச்சமும் படும், மரமும் பிழைக்கும். இதை யாரும் யோசிப்பதில்லை, வெட்டு அல்லது விடு என்கிறார்கள்.

கூரையைத் தாண்டி, சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் நிற்கும் லெய்லாண்டி என்றால் நேராகச் சொல்கிறேன்: எடுத்துவிடுங்கள். ஆண்டுதோறும் ஆளை வைத்து நறுக்கும் செலவை ஐந்து ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். வரிசையில் பாதியை எடுத்து மீதியை விட்டால், இத்தனை காலமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற மரங்கள் புதுக்காற்றில் சாயக்கூடும். எடுத்தால் வரிசையை மொத்தமாக எடுங்கள்.

படி 7: ஆள் பிடிப்பது

நீங்களே ஏணி போட்டு மின்ரம்பம் ஏந்தி ஏற வேண்டாம். ஏணியில் நின்றபடி சங்கிலி ரம்பம் பிடிப்பது உயிருக்கு உலை. தோள் உயரத்துக்குள்ளே கைரம்பத்தால் நறுக்குவது உங்கள் வேலை, மற்றதெல்லாம் தேர்ந்தவர் வேலை.

மூன்று பேரை வீட்டுக்கு அழைத்து எழுத்தில் விலை வாங்குங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் சான்றிதழ், சங்கிலி ரம்பத் தேர்ச்சிச் சான்று, மரவேலைக்கான பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 3998-இன்படி வேலை செய்வாரா என்பது, குப்பையை அவர் ஏற்றுவாரா, அடிக்கட்டையும் விலைக்குள் வருமா, வாட் சேர்த்தா. மரப் பராமரிப்பாளர் சங்கமான அர்போரிகல்ச்சரல் அசோசியேஷன் ஏற்ற ஒப்பந்ததாரர் பட்டியலும் பார்க்கலாம். "அடுத்த தெருவில் வேலை செய்கிறோம், இன்றைக்கு மட்டும் மலிவு" என்று கதவைத் தட்டுகிறவரை வணங்கி அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு சிறு அடையாளம். ஏறும்போது காலில் கூர்முள் கட்டிக்கொள்வார்கள். வெட்டி எடுக்கப்போகும் மரத்துக்கு அது சரி. உயிரோடு வைத்து நறுக்க வேண்டிய மரத்தில் ஒருவர் முள்ளோடு ஏறினால், அவருக்கு மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

வீட்டருகே நிற்கும் மரத்தை அடியோடு சாய்க்க இடம் இருக்காது. ஒருவர் கயிற்றில் ஏறிக் கிளைகளை எல்லாம் எடுத்துக்கொண்டே போவார். பிறகு நுனியிலிருந்து தண்டைத் துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்குவார். கார்களை நகர்த்தி வைக்கவும், பக்கத்து வீட்டுக்காரருக்கு முந்திய நாளே சொல்லவும் மறக்காதீர்கள்.

படி 8: அடிக்கட்டை

இங்கே நல்ல செய்தி. லெய்லாண்டி அடிக்கட்டை மறுபடி முளைக்காது, ஆகவே மருந்து ஊற்ற வேண்டியதில்லை. அப்படியே விட்டாலும் மெல்ல மக்கும். அங்கே நடவோ பாதை போடவோ வேண்டுமென்றால் அரைக்கும் இயந்திரம் வாடகைக்கு எடுத்து தரைக்கு ஓரடிக்குக் கீழே அரைக்கலாம். முன்னதாக அந்த வழியில் எரிவாயு, தண்ணீர், மின் குழாய் போகிறதா என்று பாருங்கள். கட்டை சிறியதாக இருந்து வேரோடு பிடுங்க நினைத்தால் ஒரு மீட்டர் தண்டை மிச்சம் விடுங்கள், நெம்ப அது கைப்பிடியாகும். ஆனால் சுவரை ஒட்டியுள்ள கட்டையைப் பிடுங்காமல் அரைப்பதே நல்லது, இழுத்தால் அஸ்திவாரத்து மண்ணைக் குலைக்கும்.

படி 9: வெறுமையாகிவிட்ட இடத்தை நிரப்புவது

மரம் போனதும் எதிர்வீட்டு ஜன்னல் நேராகத் தெரியும். பலர் அன்றைக்கே அவசரப்பட்டு மறுபடி லெய்லாண்டி வாங்கி வருவார்கள். தற்காலிக மறைப்புக்கு இரண்டு மீட்டர் வரையான பலகை வேலிக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை, சாலையோரமானால் ஒரு மீட்டர்தான். அதன் மேல் கொடி ஏற்றலாம்.

மண்ணை அப்படியே நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றினால் மேலேயே நின்று வழிந்தோடும் அளவுக்கு வறண்டிருக்கும். சருகு மெத்தையை வாரி எடுத்து, உரமும் மக்கிய தழையும் ஒரு முழத்துக்குக் கிளறிவிடுங்கள். பழைய வேர் நிறைந்த அதே குழியை விட்டுச் சற்றுத் தள்ளி நடுங்கள். ஹார்ன்பீம், ஹேசல், ஹோலி, பைரகாந்தா, இவை முதிர்ந்த கிளையில் வெட்டினாலும் துளிர்க்கும், விரும்பிய உயரத்தில் நிற்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மண்ணில்லா வேர்க் கன்றுகள் விலை மலிவு. முதல் கோடை முழுக்க வாரத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பூவாளித் தண்ணீர் வேரடியில் மெல்ல ஊற்றுங்கள், தூவாதீர்கள்.